ஏற்காடு கோடை விழாவைக் கூட்டத்தில் சிக்காமல் ரசிக்க முடியுமா?

முடியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அடிவாரத்தைத் தாண்டுகிறவர்களால் முடியாது. அன்றைக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்னால் போகும் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டியதுதான்.

நான் சேலத்துக்காரன். மே மாதம் பிறந்தால் போதும், "ஏற்காட்டில் விழாவாமே, கூட்டிப்போயேன்" என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். வருகிறவர்களில் பெரும்பாலானோர் அண்ணா பூங்காவில் நுழைந்து, பூவால் செய்த உருவத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, படகுக்கு வரிசையில் நின்று அலுத்து, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் என்று காட்சிமுனைகளுக்கு ஓடி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். இதையெல்லாம் ஆகஸ்டில் வந்தாலும் பார்க்கலாம், பூ உருவங்களைத் தவிர. கிள்ளியூர் அருவியில் அப்போது தண்ணீராவது விழும்!

கோடை விழாவுக்கென்று வருகிறீர்கள் என்றால் போட்டிகள் நடக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். விழா பெரும்பாலும் மே பிற்பாதியில், ஒரு வாரத்தை ஒட்டி நடக்கும். எந்த நாளில் என்ன நிகழ்ச்சி என்று மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்துவிடும், செய்தித்தாளிலும் வரும். அதில் படகுப் போட்டி என்று போட்டிருக்கிற நாளுக்கு என் ஓட்டு.

ஏரியில் ஆண்கள், பெண்கள் என்று தனித்தனியாகப் போட்டி வைப்பார்கள். அதெல்லாம் சரி, தம்பதியருக்கு ஒன்று வைப்பார்கள் பாருங்கள், அதுதான் விசேஷம். துடுப்புப் பிடித்துப் பழக்கமில்லாத இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் படகு நேராகவா போகும்? இருக்கிற இடத்திலேயே வட்டமடிக்கும். "நீங்க சும்மா இருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று அந்த அம்மா சொல்வது கரையில் நிற்கிற எங்களுக்கே கேட்கும். கணவர் சும்மா இருந்ததும் படகு நேராகப் போகத் தொடங்கியதை ஒரு முறை கண்ணால் பார்த்தேன். கரையில் எழுந்த விசிலுக்கு அளவே இல்லை.

கொழுகொழு குழந்தைகள் போட்டியும் அப்படித்தான். பவுடர் அப்பி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, புதுச்சட்டை போட்டு வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். எடை பார்க்கும் மேடையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தால் தீர்ந்தது, மொத்த வரிசையும் அழும். சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்களை அங்கே பார்க்கலாம். சுற்றுலா வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் உண்மையிலேயே கலந்து உட்காருவது இந்த மாதிரி இடங்களில்தான்.

நாய்க் கண்காட்சியை விடாதீர்கள். வெளிநாட்டு இனங்கள் ஏசி காரில் வந்து இறங்கும், அது ஒரு பக்கம். நான் பார்ப்பது நம்மூர் நாய்களை. வெள்ளை வெளேரென்று ராஜபாளையம், ஒல்லியாக விலா எலும்பு தெரிகிற சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாவற்றையும் ஒரே மைதானத்தில் பார்க்கிற வாய்ப்பு நகரத்துப் பிள்ளைகளுக்கு அடிக்கடி கிடைக்காது. காவல்துறை மோப்ப நாய்கள் வந்திருந்தால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகராது. தொடுவதற்கு முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மலர்க்காட்சியைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கு நேரம் முக்கியம், அவ்வளவுதான். இந்த உருவங்களில் இருப்பது வெட்டிய பூக்கள். ஈரமான பச்சை நுரைக்கட்டையில் கார்னேஷனையும் ரோஜாவையும் காம்பு நறுக்கி ஒவ்வொன்றாகக் குத்துகிறார்கள். ஒரு வருஷம் மேட்டூர் அணையையே பூவில் கட்டியிருந்தார்கள். முதல் ஓரிரு நாட்களில் பார்த்தால்தான் அந்த நிறம். அப்புறம் ஓரங்கள் பழுப்பேறிவிடும், வாடியதைப் பிடுங்கி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் தொட்டிச் செடிகளுக்கு அந்தக் கவலை இல்லை. விழாவுக்கென்றே மாதக்கணக்கில் முன்பே விதைத்து வளர்த்த டாலியாவும் சாமந்தியும் கடைசி நாள் வரை தாக்குப்பிடிக்கும். திறப்பு விழா அன்று மட்டும் போகாதீர்கள். அமைச்சர் வரும் நாளில் வண்டியை எங்கே நிறுத்தச் சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மத்தியானம் இரண்டு மணி நேரம் கூட்டத்தை விட்டு விலகி நடக்க வேண்டுமா? ஏரியிலிருந்து சேர்வராயன் கோவில் பக்கம் போகும் சாலை நல்லது. இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே வந்த பயிர் அது. வெள்ளைப் பூவெல்லாம் மார்ச், ஏப்ரலோடு முடிந்துவிடும், விழாச் சமயத்தில் பச்சைக் காய்தான் இருக்கும். கோவில் ஒரு தாழ்வான குகை, குனிந்துதான் போக வேண்டும். சேர்வராயரோடு காவேரி அம்மனும் இருக்கிறாள். மலைவாழ் மக்கள் கூடும் இந்தக் கோவில் திருவிழாவும் மே மாதத்தில்தான் வரும். நீங்கள் வரும் தேதியும் அதுவும் ஒத்துப்போனால் உங்கள் அதிர்ஷ்டம். என்னைக் கேட்டால் அரசு விழாவை விட அதுதான் பெரிய விழா.

போக்குவரத்துக்கு வருவோம். வார நாளில், காலை எட்டு மணிக்குள் மேலே இருக்கிற மாதிரி கிளம்புங்கள். சேலத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தான். விழாவுக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். அண்ணா பூங்கா, ஏரி, படகு இல்லம் எல்லாம் நடக்கிற தூரம், அதனால் சொந்த வண்டி இல்லாவிட்டால் நஷ்டம் எதுவும் இல்லை. கார்தான் என்றால், கூட்ட நாட்களில் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று போலீசார் திருப்பிவிடுவதுண்டு. கூகுள் மேப்பை நம்பி அவர்களோடு சண்டை போடாதீர்கள். சாயங்காலம் மழை பிடிக்கும், குடையும் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டரும் இருக்கட்டும். வளைவில் குமட்டுகிற பிள்ளைகளை முன்சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இறங்குவதற்கு முன்னால் பஜ்ஜி வேண்டாம், கீழே வந்து வாங்கிக் கொடுங்கள்.