'கிளாமர்' என்ற சொல் இலக்கணத்தைக் குறிக்கும் 'கிராமர்' என்ற சொல்லிலிருந்து வந்ததாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் நடுவில் ஸ்காட்லாந்து இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் கட்டுக்கதை மாதிரிதான் இருக்கும்.

ஸ்காட்லாந்தின் பழைய மொழிகள் இரண்டு. ஒன்று கேலிக், அது ஐரிஷ் மொழிக்கு உறவு. இன்னொன்று தென்பகுதியிலும் கிழக்குக் கரையிலும் பேசப்படும் ஸ்காட்ஸ். இது ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பாட்டு எழுதியது இதில்தான். 'கிளாமர்' இந்த ஸ்காட்ஸ் மொழிச் சொல்.

இடைக்கால ஐரோப்பாவில் 'கிராமர்' என்றால் லத்தீன் இலக்கணம். லத்தீன் தெரிந்தவன்தான் படித்தவன். எழுத்தே தெரியாத ஊர்ஜனங்களுக்கு, தடித்த புத்தகத்தைப் பிரித்து வைத்துப் புரியாத மொழியில் முணுமுணுக்கும் ஆள் எப்படித் தெரிவான்? மந்திரவாதியாகத்தான். பிரெஞ்சில் இதே சொல் கொஞ்சம் திரிந்து 'கிரிம்வார்' ஆனது. மந்திரவாதி வைத்திருக்கும் புத்தகத்துக்கு அந்தப் பெயர். பழைய ஆங்கிலக் கதைப்பாட்டுகளில் 'கிராமரி' என்று ஒரு சொல் வரும், அதற்கும் மாயவித்தை என்றே பொருள்.

இதற்கு மைக்கேல் ஸ்காட்டை விட நல்ல சாட்சி கிடைக்காது. 13-ஆம் நூற்றாண்டு அறிஞர். அரிஸ்டாட்டிலின் நூல்களை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தவர், பேரரசர் இரண்டாம் ஃப்ரெடெரிக்கின் அவையில் இருந்தவர். சொந்த நாடான ஸ்காட்லாந்தில் அவருக்குக் கிடைத்த பெயர் 'மந்திரவாதி'. மெல்ரோஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எயில்டன் மலையை மூன்றாகப் பிளந்ததே அவர் ஏவிய பேய்தான் என்று கதை உண்டு. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் மந்திரவாதிகளின் வரிசையில் நிறுத்திவிட்டார். பாவம் மனுஷன், செய்தது மொழிபெயர்ப்பு வேலை!

சரி, 'ர' எப்படி 'ல' ஆனது? 'கிராமர்' என்பதில் இரண்டு 'ர'. பக்கத்தில் பக்கத்தில் ஒரே ஒலி வந்தால் நாக்கு ஒன்றை மாற்றிக்கொள்ளும். நம்மிடமும் பந்தல்-பந்தர், சாம்பல்-சாம்பர் என்று 'ல'வும் 'ர'வும் ஒன்றின் இடத்தில் ஒன்று வரும். நம் இலக்கணத்தில் அதற்குப் போலி என்று பெயர். ஐஸ்லாந்து மொழியில் மாயத்தோற்றத்தைக் குறிக்கும் 'கிளாம்' என்று தொடங்கும் ஒரு சொல்லைக் காட்டி, அங்கிருந்து வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. இன்றைய அகராதிகள் பெரும்பாலும் 'கிராமர்' பக்கம்தான்.

எனக்குப் பிடித்த பகுதி இதன் பழைய பொருள். எடின்பரோ கவிஞர் ஆலன் ராம்சே 1721-இல் தன் கவிதைத் தொகுப்போடு ஒரு சொற்பட்டியல் கொடுத்தார். அதில் அவர் சொல்வது: பேய்களோ மந்திரவாதிகளோ வித்தைக்காரர்களோ பார்ப்பவர் கண்ணை ஏமாற்றினால், அவர்கள் அந்தக் கண்கள் மேல் கிளாமரை வீசிவிட்டார்கள் என்பார்கள். நம் ஊரில் இதற்குக் கச்சிதமான பெயர் இருக்கிறது: கண்கட்டு வித்தை. அதாவது கிளாமர் இருந்த இடம் பார்ப்பவரின் கண். பார்க்கப்படும் பொருளில் ஒன்றும் இல்லை.

ஜிப்சிகளைப் பற்றிய ஒரு ஸ்காட்ஸ் நாட்டுப்பாடலைப் பாருங்கள். ஜிப்சிக் கூட்டம் ஒரு பிரபுவின் வாசலில் வந்து இனிமையாகப் பாடுகிறது. பிரபுவின் மனைவி படியிறங்கி வருகிறாள். அவளுடைய அழகான முகத்தைப் பார்த்ததும் அவர்கள் அவள்மேல் கிளாமரை வீசுகிறார்கள். அவள் வீட்டையும் கணவனையும் விட்டுவிட்டு அவர்களோடு கிளம்பிவிடுகிறாள். இன்றைய சினிமாச் செய்தியில் அழகி கிளாமர் காட்டுவாள், மற்றவர்கள் மயங்குவார்கள். பாட்டில் அழகிதான் மயங்குகிறாள், அதுவும் அழுக்குத் துணி கட்டிய நாடோடிகளிடம். (ஏர்ஷயரில் இருந்த காசிலிஸ் பிரபுவின் மனைவிதான் அந்தப் பெண் என்று ஊரில் கதை கட்டிவிட்டார்கள். 1642-இல் அவர் இறந்தபோது கணவர் எழுதிய கடிதத்தைப் பார்த்தால், மனைவியிடம் உயிராக இருந்த மனிதர் என்றுதான் தெரிகிறது. ஓடிப்போன கதைக்கெல்லாம் அதில் இடமே இல்லை.)

பர்ன்ஸ் 1789-இல் எழுதிய ஒரு கேலிப்பாட்டிலும் இந்தச் சொல் வருகிறது. ஃப்ரான்சிஸ் குரோஸ் என்ற குண்டான ஆங்கிலேயர் பாழடைந்த கோட்டைகளையும் தேவாலயங்களையும் படம் வரைய ஸ்காட்லாந்துக்கு வந்தார். பேய்களே, சூனியக்காரிகளே, ஆள் வந்துவிட்டார், ஜாக்கிரதை என்கிறது பாட்டு. அதில் ஜிப்சிகள் 'கிளாமர்' வித்தை செய்கிறவர்கள், அடுத்த வரியிலேயே மந்திரவாதிகள் நரகத்தின் கறுப்பு 'கிராமர்' படித்தவர்கள். இரண்டும் எதுகையாக மேலும் கீழும் நிற்கின்றன. பிரிந்து போன அண்ணன் தம்பியை ஒரே பந்தியில் உட்கார வைத்த மாதிரி!

அப்புறம் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட். 1805-இல் வந்த அவருடைய நெடுங்கவிதையில் ஒரு குட்டிப் பூதம், மேலே சொன்ன மைக்கேல் ஸ்காட்டின் மந்திரப் புத்தகத்தைத் திறந்து ஒரே ஒரு வித்தையைப் படித்துவிடுகிறது. படித்தது கிளாமர் வித்தை. அது பெண்ணை வீரனாகக் காட்டும், சிறைச்சுவரின் ஒட்டடையை அரண்மனைத் திரைச்சீலையாகக் காட்டும், கொட்டையின் மேலோட்டைத் தங்கப் படகாகக் காட்டும், கிழவரை இளைஞராகக் காட்டும். அத்தனையும் பொய்த்தோற்றம் என்று கவிதையே சொல்லிவிடுகிறது. அந்தப் புத்தகம் அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்டது. எல்லைக்கு வடக்கே கிடந்த சொல்லை ஆங்கிலம் படிக்கிற எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அவருக்குத்தான் பெரிய பங்கு.

அதற்குப் பிறகு பேயும் சூனியமும் மெல்லக் கழன்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஓர் இடத்துக்கோ ஆளுக்கோ இருக்கும் விவரிக்க முடியாத வசீகரம் என்ற பொருள் வந்தது. மாயம் கண்ணிலிருந்து ஆளுக்கு இடம் மாறியது அப்போதுதான் என்பது என் கருத்து. 1930-களில் ஹாலிவுட் அதைக் கையில் எடுத்தது. 1939-இல் தொடங்கிய 'கிளாமர்' பத்திரிகையின் முதல் பெயரே 'கிளாமர் ஆஃப் ஹாலிவுட்'. நம் சினிமாப் பக்கங்களில் அது இன்னும் சுருங்கி, துணியின் அளவைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. 'இனி கிளாமராக நடிக்க மாட்டேன்' என்று ஒரு நடிகை பேட்டி கொடுத்தால், இனிமேல் யார் கண்ணையும் கட்ட மாட்டேன் என்று ஆலன் ராம்சே புரிந்துகொள்வார். ஆனால் நாலு லைட்டும் ஒரு ஃபில்டரும் போட்டு அட்டைச்சுவரை அரண்மனையாகக் காட்டும் ஒளிப்பதிவாளரைப் பார்த்தால், இவர்தான் அசல் கிளாமர்காரர் என்று அவரே கைகாட்டுவார்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒன்று. 'கலர்', 'ஹானர்' போன்ற சொற்களில் பிரிட்டிஷ்காரர்கள் எழுதும் 'யூ' எழுத்தை அமெரிக்கர்கள் நீக்கிவிட்டார்கள். 'கிளாமர்' என்பதில் மட்டும் பெரும்பாலும் வைத்தே எழுதுகிறார்கள். அந்தச் சொற்கள் லத்தீன் வழி வந்து வரிசையாகச் சேர்ந்தவை, இது ஸ்காட்ஸிலிருந்து தனியாக வந்து ஒட்டிக்கொண்டது, அதனால்தான் சீர்திருத்தத்தில் சிக்கவில்லையோ என்னவோ. 'கிளாமரஸ்' என்று எழுதும்போது மட்டும் பிரிட்டனிலும் அந்த 'யூ' போய்விடும், 'ஹியூமர்' என்பது 'ஹியூமரஸ்' ஆகும்போது போவது மாதிரியே.