பெலாரஸில் உருளைக்கிழங்கை 'இரண்டாவது ரொட்டி' என்கிறார்களே, தினமும் அதைத்தான் சாப்பிடுவார்களா? அது ஏழைச் சாப்பாடுதானே?

ஏறக்குறைய தினமும்தான். ஆனால் 'ஏழைச் சாப்பாடு' என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அங்கே மருத்துவம் படிக்கப் போகிறீர்கள் அல்லது பிள்ளையை அனுப்பப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் பெலாரஸின் விடெப்ஸ்க் நகரத்தில் படித்தவன். விடுதியில் 'தென்னிந்திய மெஸ்' இருக்கிறது என்று ஏஜென்ட் பணம் வாங்கினார், போய்ப் பார்த்தால் மெஸ்ஸே இல்லை. அப்புறம் ஒரு பாட்டி வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். எனக்குச் சோறு போட்டது அவர்தான். பச்சைக் கிழங்கைத் தோல் சீவி, துருவியில் துருவும்போதே நடுநடுவே வெங்காயத்தையும் துருவுவார், அப்போதுதான் விழுது கறுக்காதாம். முட்டை, உப்பு, கொஞ்சம் மாவு, அவ்வளவுதான். வாணலியில் சின்னச் சின்ன அடையாகத் தட்டி, ஓரம் முறுகியதும் திருப்பிப் போட்டு, புளித்த பாலேட்டோடு தட்டில் வைப்பார். அதுதான் திரானிக்கி. நான் பன்றிக் கொழுப்பு தொடமாட்டேன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு மட்டும் சூரியகாந்தி எண்ணெயில் தனியாகச் சுடுவார்.

செப்டம்பர் வந்தால் நகரத்தில் இருக்கும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கிராமத்துக்குக் கிழங்கு தோண்டக் கிளம்பிவிடுவார்கள். நிலவறையில் கொட்டி வைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். குளிர்ந்த பருவமும் மணல் கலந்த மண்ணும் அதற்குத் தோதானவை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த காலத்தில், பனி உருகியதும் வயலில் தோண்டாமல் கிடந்த உறைந்த கிழங்கைப் பொறுக்கி அடை சுட்டுத் தின்றதாகப் பாட்டி சொல்வார். 1944 ஜூனில்தான் விடெப்ஸ்க் விடுதலையானது. உலகிலேயே ஆளுக்கு அதிகமாக உருளை சாப்பிடும் நாடுகளில் பெலாரஸும் ஒன்று. அதை வைத்து 'புல்பாஷ்', அதாவது கிழங்குக்காரன், என்று பக்கத்து நாட்டார் கிண்டல் செய்யும்போது எனக்கே கோபம் வரும்.

உடனே 'சர்க்கரை ஏறும்' என்று யாராவது வருவீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் அளவாகத்தான் சாப்பிட வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அவித்த உருளை 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 20 கிராம், வெந்த வெள்ளைச் சோற்றில் சுமார் 28. மூன்று வேளையும் அரிசி சாப்பிடும் நாம் அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கிளம்புவதற்கு முன் மெஸ் உண்டா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்குங்கள், அங்கே படிக்கும் சீனியர்களிடமும் கேளுங்கள். என்னை ஏமாற்றியவர் இன்னமும் அதே விளம்பரத்தைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.