எதற்காக இந்தப் பாடங்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி அறிவியல் இளங்கலையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தனிநிலைக் கணிதம், ஆட்டோமேட்டா, கணினிக் கட்டமைப்பு என்று வகுப்புகள் நடக்கின்றன. அங்கே எழுதும் நிறுவல்களுக்கும் நாளைக்குச் செய்யப்போகும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று புரியவில்லை. ஒப்படைப்புகளுக்கான நிரல்களைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தந்துவிடுகிறது, மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் தேர்வில் வெற்றுத்தாளின் முன்னால் எங்கே தொடங்குவதென்றே தெரிவதில்லை. சில கருவிகளை மட்டும் கற்று வேலைக்குப் போய்விட்ட நண்பர்களைப் பார்த்தால் ஏக்கமாகவும் இருக்கிறது. நிரல் எழுத இயந்திரமே இருக்கும்போது இந்தப் படிப்பைத் தொடர்வதில் பொருள் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

தொடருங்கள். ஆனால் இப்போது படிக்கும் முறையில் தொடர வேண்டாம்.

நிரல் எழுதுவது இந்தப் படிப்பின் ஒரு பகுதிதான். எழுதப்பட்ட நிரல் சரியானதா, எந்த உள்ளீட்டுக்கும் சரியாக இருக்குமா, அதற்கு எவ்வளவு நேரமும் நினைவகமும் செலவாகும் என்று தீர்ப்புச் சொல்லும் திறனே இந்த நான்கைந்து பருவங்களில் நீங்கள் பெறவேண்டியது. எழுதியது மனிதரா இயந்திரமா என்பதால் இந்தக் கேள்விகள் மாறுவதில்லை. இயந்திரம் நொடியில் நூறு வரி எழுதித் தரும்போது, அந்த நூறு வரிக்கும் பொறுப்பேற்கக் கூடியவரின் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

நீங்கள் முதலாண்டிலேயே படித்திருக்கும் பைனரி சர்ச் என்ற தேடல் வழிமுறையை எடுத்துக்கொள்வோம். வரிசைப்படுத்திய பட்டியலின் நடு உறுப்பைப் பார்த்து, தேடுவது எந்தப் பாதியில் இருக்கிறது என்று முடிவுசெய்து, மற்ற பாதியைத் தள்ளிவிடுகிறோம். நடுவைக் காண, தேடும் பகுதியின் தொடக்க இட எண்ணையும் இறுதி இட எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். பள்ளி மாணவருக்கும் புரியும் இந்த வரியில் பிழை இருப்பதாக 2006இல் ஜோஷுவா பிளாக் எழுதினார். ஜாவா மொழியின் நூலகத்துக்காக அவரே எழுதிய நிரலில் அந்தப் பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. ஜாவாவின் 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு 2,147,483,647. பட்டியலில் சுமார் 107 கோடிக்கும் மேற்பட்ட உறுப்புகள் இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை இந்த எல்லையைத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடக்கூடும், அப்போது நிரல் முறிந்துவிடும். தொடக்க எண்ணோடு இடைவெளியின் பாதியைக் கூட்டினால் போதும், பிழை நீங்கிவிடும்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. கணினி அறிவியலாளர் ஜான் பென்ட்லி இதே வழிமுறையை எழுதி, அது சரி என்று நிறுவியும் காட்டியிருந்தார். அவருடைய நிரலிலும் இதே வரி இருந்தது. நிறுவலில் தர்க்கப் பிழை இல்லை. அந்த நிறுவல் பேசிய எண்களுக்கு எல்லை கிடையாது. இயந்திரத்தின் எண்களுக்கு எல்லை உண்டு. நிறுவத் தெரிந்தவருக்கே எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறோம் என்று கேட்கத் தோன்றும். எண்கள் நினைவகத்தில் எப்படி இருக்கின்றன என்று படித்தவருக்கே அந்த அனுமானம் எங்கே உடைகிறது என்று தெரியும். தொடர்பற்றவை என்று நீங்கள் நினைக்கும் தனிநிலைக் கணிதமும் கணினிக் கட்டமைப்பும் அந்த ஒரே வரியில் சந்திக்கின்றன.

செலவைக் கணக்கிடுவதும் இத்தகையதே. பத்து லட்சம் எண்களை வரிசைப்படுத்த, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் முறைக்கு ஒரு லட்சம் கோடி படிகள் வேண்டும். பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து வரிசைப்படுத்தி இணைக்கும் மெர்ஜ் சார்ட்டுக்குச் சுமார் இரண்டு கோடி போதும். நொடிக்குப் பத்துக் கோடி படிகள் செய்யும் கணினியில் முன்னதற்கு இரண்டே முக்கால் மணி நேரமாகும், பின்னதற்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்து எண்களை மட்டும் கொடுத்துச் சோதித்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஆட்டோமேட்டாவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கணினியால் எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது என்று ஆராயும் பாடம் அது. எந்த நிரலையும் உள்ளீட்டையும் கொடுத்தாலும் அது நிற்குமா, முடிவின்றி ஓடுமா என்று தவறாமல் சொல்லும் பொதுவான வழிமுறை இருக்க முடியாது. 1936இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிடைக்கும் முடிவு இது. இன்றைய கணினிகள் பிறப்பதற்கு முன்பே வகுக்கப்பட்ட அந்த எல்லையை இன்றைய எந்தக் கருவியும் தாண்டவில்லை. எதைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதும் ஓர் அறிவுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது வெற்றுத்தாள் பற்றிய வரி. ஒப்படைப்பில் கேட்கப்படும் நிரல் யாருக்கும் தேவைப்படுவதில்லை. அதை எழுதும்போது நீங்கள் தடுமாறும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே அது தரப்படுகிறது. அந்தத் தடுமாற்றத்தை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் மதிப்பெண் மட்டுமே மிஞ்சும். வேலைக்குப் போன நண்பர்களைப் பார்த்து ஏங்க வேண்டாம். அவர்கள் கற்ற கருவிகளை விடுமுறையில் நீங்களும் கற்றுக்கொள்ளலாம்.

இந்தப் பருவத்தில் ஒரு வேலை செய்யுங்கள். கட்டளைகளை வாங்கி இயக்கும் சிறிய ஷெல் ஒன்றை சி மொழியில் நீங்களே எழுதுங்கள். புதிய செயல்முறையை உருவாக்கும் ஃபோர்க், அதில் வேறு நிரலை ஏற்றும் எக்செக், அது முடியும்வரை காத்திருக்கும் வெயிட் என்று இயங்குதளத்திடம் விடுக்கும் மூன்று அழைப்புகளே தொடங்கப் போதுமானவை. பிறகு கோப்புறை மாற்றும் கட்டளையையும் மற்றவற்றைப் போலவே தனி நிரலாக இயக்கிப் பாருங்கள். பிழைச் செய்தி வந்தாலும் வராவிட்டாலும், நீங்கள் நின்ற கோப்புறையிலேயே நிற்பீர்கள். அது ஏன் என்று எந்தக் கருவியிடமும் கேட்காமல் கண்டுபிடியுங்கள். விடை கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.