அந்துப்பூச்சி எண்ணிக்கை பாதியானது: நிலவைப் பாருங்கள்

விளக்கு எரியவிட்டு, வெள்ளைத் துணிக்கு வந்த அந்துப்பூச்சிகளை இரண்டு இரவு எண்ணியதில், இரண்டாவது இரவில் பாதிதான் வந்தன, இனங்கள் குறைந்துவிட்டனவா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, இரண்டு இரவுக் கணக்கை வைத்து "இங்கே அந்துப்பூச்சி இனங்கள் பாதியாகிவிட்டன" என்று முடிவுகட்ட முடியாது.

நீங்கள் தந்த தேதிகளில் முதல் இரவு அமாவாசையை ஒட்டியது, இரண்டாவது பௌர்ணமிக்கு முந்தைய நாள். என் சந்தேகம் நிலவின் மேல்தான். நிலா வெளிச்சம் கூடினால் விளக்கின் ஈர்ப்பு குறையும். பூச்சி செடியில் இருக்கும், உங்கள் வெள்ளைத் துணிக்கு வராது. காற்றும் குளிரும்கூட எண்ணிக்கையைக் குறைக்கும்.

இப்படிச் சரிபாருங்கள்:

1. அடுத்த அமாவாசையை ஒட்டி, காற்றில்லாத இரவில், அதே இடத்தில், அதே பல்பை, அதே நேரத்துக்கு எரியவிடுங்கள். புற ஊதா ஒளி அதிகமுள்ள பல்பு மாட்டினால் பழைய கணக்கோடு ஒப்பிடவே முடியாது.

2. நேரம், வெப்பநிலை, மேகம், காற்று எல்லாம் குறியுங்கள். ஒன்றுமே வராத இரவையும் கட்டாயம் எழுதுங்கள். பலரும் விட்டுவிடும் தகவல் இதுதான்.

எண்ணிக்கை மீண்டும் ஏறினாலும் எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை. பூச்சிகள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். பிரிட்டனில் 1968 முதல் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் ஒளிப்பொறிகளில் (விளக்கால் பூச்சிகளை ஈர்த்துப் பிடிப்பவை), பெரும்பாலும் தன்னார்வலர்கள், இரவு இரவாக எண்ணினார்கள். 35 ஆண்டுத் தரவு சேர்ந்த பிறகே 337 பொதுவான இனங்களில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவருவது உறுதியானது. உங்கள் நோட்டும் அப்படி வளரட்டும், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், விடியும்வரை விளக்கை எரியவிடவேண்டாம். எண்ணியதும் அணைத்துத் துணியை மெல்ல உதறுங்கள். இல்லாவிட்டால் காலையில் பறவைகள் கொத்திவிடும்.