33 அங்குல டயருக்கு லேண்ட் குரூசர் அக்சில் தேவையா?

கேள்வி: குச்சவெளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.106 டபிள் கெப், 2.8 லீட்டர் டீசல் எஞ்சின், 205ஆர்16 டயர். கரையிலிருந்து மீன்பெட்டி ஏற்றுகிறார், மாரியில் வயலுக்குப் பசளை கொண்டுபோகிறார். மணலிலும் சேற்றிலும் வண்டி புதைவதால் 33 அங்குல டயர் போட நினைக்கிறார். "இந்த அக்சில் தாங்காது, பழைய லேண்ட் குரூசரின் முன், பின் அக்சில்களைப் போடுவோம்" என்கிறாராம் கராஜ்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வண்டியின் முன் அக்சில் பட்டை ஸ்பிரிங்கோடு பூட்டிய ஒரே துண்டான அக்சில். பிற்கால ஹைலக்ஸ்களில் இல்லாத வலு அது. 33 அங்குலம் வரை அது தாக்குப்பிடிக்கும். ஆனால் உங்களுக்கு 33 தேவையா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அக்சில் முறிவதற்குச் சக்கரம் நிலத்தை இறுகப் பற்றியிருக்க வேண்டும். மணலில் சக்கரம் வழுக்கிவிடும்; அக்சிலுக்கு அங்கே பெரிய பாரம் இல்லை. பாறை, மரவேர், காய்ந்த தார் வீதி ஆகியவைதான் ஆபத்தான இடங்கள். முன்சக்கரத்துக்குள் இருக்கும் பர்ஃபீல்ட் ஜாயின்ட் (சக்கரம் திரும்பியிருக்கும்போதும் அதைச் சுழற்றும் மூட்டு) அநேகமாக உடைவது, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வைத்துக்கொண்டு, நான்கு சக்கர இழுவையில் அக்சிலரேட்டரை மிதிக்கும்போது. ஸ்டீயரிங்கை ஓரளவு நேராக்கிவிட்டு மிதிக்கும் பழக்கம் எந்த விலையுயர்ந்த உதிரிப்பாகத்தையும் விட அதிகமாகக் காப்பாற்றும். வண்டியை முழு ஒடிப்பில் மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால் ஜாயின்ட் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. பெரிய டயருக்கு முன் அதைத்தான் மாற்ற வேண்டும்.

கராஜ்காரர் பேசாமல் விட்ட விடயம் கியர் விகிதம். 205ஆர்16 டயரின் உயரம் ஏறத்தாழ 29 அங்குலம். 33 போட்டால் 14 சதவீதம் கூடுகிறது. சுமார் 90 குதிரைவலுவே உள்ள எஞ்சினுக்கு இது சின்னச் சுமை அல்ல. ஐந்தாம் கியர் அலங்காரத்துக்கு மட்டும் இருக்கும், கிளச் சீக்கிரம் தேயும். வேகமானி 70 காட்டும்போது நீங்கள் ஏறக்குறைய 80இல் போய்க்கொண்டிருப்பீர்கள். பிரேக் பிடிக்கும் வலுவும் அந்த அளவுக்குக் குறையும்.

சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பெட்டியிலிருந்து அக்சிலுக்கு வரும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதே இந்த விகிதம். பழைய ஹைலக்ஸ்களில் 4.10, 4.56 என இரண்டு விகிதங்களும் காணப்படுகின்றன. உங்களுடையது எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்குங்கள். மற்றது நிலத்தில் அசையாமல் இருக்கட்டும்; அது நிற்பதால் தூக்கிய சக்கரத்தின் இரண்டு சுற்று ஒரு சுற்றாகக் கணக்கு. புரொப்பெல்லர் ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் நான்கு சுற்றும் கொஞ்சமும் போனால் 4.10, நான்கரையைத் தாண்டினால் 4.56. (டிஃபரன்சியல் என்பது இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அக்சில் நடுவிலுள்ள கியர்த் தொகுதி. பின்பக்கம் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லொக் டிஃபரன்சியல் இருந்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது.)

33 அங்குலத்தில் பழைய இழுவை வேண்டுமானால் 4.10 உள்ளவர் 4.88க்கும், 4.56 உள்ளவர் 5.29க்கும் போக வேண்டும். அதற்கு வெளிநாட்டுப் பொருள், பினியனை (டிஃபரன்சியலின் பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரம்) சரியாகப் பொருத்தத் தெரிந்த கை, இரண்டும் வேண்டும். விகிதம் கூடக் கூடப் பினியனின் பற்கள் குறைகின்றன: 4.56இல் 9 பல், 4.88இல் 8, 5.29இல் 7. ஆக, டயர் பெருக்கும்போது பினியன் சிறுக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "முதலில் பின்பக்கத்தை மட்டும் மாற்றுவோம், முன்பக்கத்தைப் பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முன்னும் பின்னும் வெவ்வேறு விகிதத்தில் இருக்கும்போது நான்கு சக்கர இழுவையைப் போட்டால் இரண்டு அக்சில்களும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். கடைசியில் நொறுங்குவது, எஞ்சின் வலுவை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கியர்பெட்டி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 235/85ஆர்16 வாங்குவேன். உயரம் 31.7 அங்குலம். ரிம் 6 அங்குல அகலம் இருந்தால் போதும், 16 அங்குல ரிம்மை மாற்றத் தேவையில்லை. ஒடுக்கமான டயர் வயல் சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். உங்கள் வண்டி 4.56 என்றால் வேறொன்றும் செய்ய வேண்டாம். 4.10 என்றால், இன்னொரு ஹைலக்ஸில் இருந்து கழற்றிய 4.56 டிஃபரன்சியல்களை முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று தேடுங்கள். அக்சிலின் மூடியைத் திறந்து உள்ளே பல்பல்லாக மாற்றத் தேவையில்லாமல், முழு டிஃபரன்சியலையும் அப்படியே கழற்றிப் பூட்டலாம் என்பது டொயோட்டாவின் வசதி. வாங்கும்போது கிரவுன் சக்கரத்தின் பற்களையும் பினியனின் பற்களையும் எண்ணுங்கள்: 41க்கு 9 என்றால் 4.56, 41க்கு 10 என்றால் 4.10. அக்சில் ஷாஃப்ட் நுழையும் ஸ்ப்லைன் பற்களும் (நீளவாக்கில் வெட்டிய பள்ளங்கள்) உங்களுடையவற்றோடு பொருந்த வேண்டும். பற்களில் நீலம் பாரித்திருந்தால் எண்ணெய் இல்லாமல் ஓடிய வண்டி அது, விட்டுவிடுங்கள்.

மணலுக்கு மருந்து உயரத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. கரையில் இறங்குமுன் 16 முதல் 18 பிஎஸ்ஐ வரை குறையுங்கள். பெட்டிகள் நிறைய இருந்தால் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூட விடலாம். டயர் நீளவாக்கில் பரந்து மணலின் மேல் நிற்கும். புல்மோட்டை வீதிக்கு ஏறியதும், வேகமெடுக்கும் முன் திரும்ப நிரப்பிவிட வேண்டும். சிறிய மின்பம்பு ஒன்றுக்கு ஆகும் செலவு அக்சில் மாற்றும் செலவில் ஒரு துளி.

உப்புத்தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நம் கரையோர வண்டிகளின் அக்சில்களைத் தின்பது அதுதான். ஓடிச் சூடான அக்சில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஒயில் சீலின் வழியே கடல்நீரை உறிஞ்சும். அக்சிலின் மேலே சிறு மூச்சுத்துளை இருக்கும். அதிலே ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி முன்னதை எஞ்சின் அறைக்குள்ளும் பின்னதை வண்டியின் சரக்குப் பெட்டியின் மேல்விளிம்பு உயரத்துக்கும் கொண்டுபோய்விடுங்கள். வடிகால் போல்ட்டைக் கழற்றும்போது எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. முன்சக்கரத்தின் உட்பக்கத்தில் கறுப்பாக எண்ணெய் வழிந்தால் உள் சீல் போய்விட்டது. ஜாயின்டின் கிரீஸை டிஃபரன்சியல் எண்ணெய் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவுக்குப் பிறகும் 33தான் என்றால், அகலமான, வெளியே தள்ளிய ரிம் வாங்காதீர்கள். உங்கள் பின் அக்சிலில் வண்டியின் பாரத்தையும் சக்கரத்தைச் சுழற்றும் அக்சில் ஷாஃப்டே சுமக்கிறது. ரிம் வெளியே போகப் போகப் பெயரிங் சாகும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பின் அக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடையில் இருக்கும் பிரேக் வால்வின் கம்பியையும் சரிசெய்யச் சொல்லுங்கள். பாரம் ஏறினால் பின் பிரேக்கைக் கூட்டுவது அந்த வால்வு. உயர்த்திய வண்டியை அது வெறும் வண்டி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கராஜ்களில் இதைக் கவனிப்பவர்கள் குறைவு.

லேண்ட் குரூசர் அக்சில் 35க்கு மேல் போகிறவர்களின் பேச்சு. ஸ்பிரிங் இருக்கைகளை வெட்டி ஒட்டுவது, ஷாஃப்டின் நீளம், ஸ்டீயரிங் தண்டு, கைபிரேக் கேபிள் என்று வேலை நீளும். அந்தக் கூடுதல் பாரத்தையும் உங்கள் 90 குதிரைவலுதான் இழுக்க வேண்டும். எதைச் செய்வதானாலும், வண்டியின் பதிவு விபரங்களோடு முரண்படும் மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.