இரவு 7 மணிக்கு முன் சாப்பிட்டு முடித்தால் உண்மையாகவே நிறை குறையுமா?

எனக்குக் குறைந்தது. 81 கிலோவில் தொடங்கி ஏழு மாதத்தில் 75. ஆனால் இந்த "7 மணிக்கு முன் சாப்பிடுங்கள்" அறிவுரையைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று வரும். சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐந்து மணிக்கு ஒஃபிஸ் விட்டு ஆறு மணிக்கு வீட்டில் இருப்பவர்கள். நீங்கள் கேள்வியைப் போட்டிருப்பது இரவு 11.42க்கு. "வேலையால் வரவே பத்து மணி தாண்டுது, உடம்பின் மணிக்கூட்டுப்படி சாப்பிடு என்கிறார்கள், இது நடக்கிற காரியமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆக நீங்களும் என்னைப் போல ஒரு ஆள். கொத்துப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

நான் கொழும்பில் இருந்துகொண்டு இங்கிலாந்துக்காரருக்குக் கணக்குப் பார்க்கிறவள். அவர்களின் காலை 9 மணி எங்களுக்குப் பகல் 1.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினால் அது 2.30 ஆகும். அங்கே ஒருவன் முள்ளைத் திருப்ப, வெள்ளவத்தையில் என்ர இரவுச் சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்தும். காலையில் பசியே இருக்காது; பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும். இரவு 9 மணிக்கு ஒஃபிஸில் இலவசமாக ஃப்ரைட் றைஸ் பெட்டி. வீட்டுக்கு வந்தால், வீட்டுச் சாப்பாடு சாப்பிடாமல் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்று கொஞ்சம் பிட்டு. இப்படியே ஆறு வருஷம்.

போன வருஷம் மே மாதம் ஒரு இரவு, லைற் போடாமல் ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்று எருமைத் தயிர்ச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மண்சட்டியில் கரண்டி உரசுகிற சத்தத்துக்கு மாமி எழும்பி வந்துவிட்டார். "பிள்ளை, பசிச்சால் லைற்றைப் போட்டிட்டு இருந்து சாப்பிடன். ஏன் களவெடுக்கிற மாதிரி நிக்கிறாய்?"

பசிக்கவில்லை. அதுதான் வெட்கமாக இருந்தது. அந்தக் கிழமை எடுத்த ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சுகர் 114, இருக்க வேண்டியதைவிடக் கூட.

மாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வன்னியில், புதுக்குடியிருப்பில் இருந்தவர். 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரம்தான் ஓடியது. 2003இல் எங்களிடம் வந்த பிறகும் தன் கைமணிக்கூட்டை மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். ஒரே வீட்டுக்குள் அரை மணித்தியாலம் வித்தியாசம். 2006 ஏப்ரலில் நாடே பழைய நேரத்துக்குத் திரும்பி வந்தது. மாமி முள்ளைத் தொடவே இல்லை. விளக்கு வைத்த கையோடு சாப்பாடு, அதற்குப் பிறகு சுடுதண்ணி மட்டும். 78 வயதில் சுகர் கிடையாது. (பரம்பரை என்பீர்கள். இருக்கலாம்.)

நான் டொக்டர் இல்லை. விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். மூளைக்குள் இருக்கிற மணிக்கூட்டை வெளிச்சம் சரிபண்ணுகிறது. ஈரல், கணையம் போன்றவற்றுக்கும் தனித்தனி மணிக்கூடு உண்டு. அவை நாங்கள் சாப்பிடுகிற நேரத்தையும் பார்த்து ஓடும். பழ ஈக்களை வைத்து இந்த மணிக்கூடு ஓடுகிற விதத்தைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். கொழும்பில் வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் விடிகிறது, ஆறு மணியை ஒட்டித்தான் இருட்டுகிறது. இருட்டினதும் மெலடோனின் என்கிற நித்திரை ஹோர்மோன் கூடும், இன்சுலினின் வேலை மந்தமாகும். அதே கோப்பைச் சோறு காலையில் ஏற்றுவதைவிட இரவில் சுகரைக் கூட ஏற்றும். இரவு 9 மணிக்கு றைஸ் பெட்டியைத் திறந்தால் மூளை ஒரு நேரத்தில், ஈரல் இன்னொரு நேரத்தில். மாமியும் கொழும்பும் மாதிரி.

நிறை குறைவதில் மட்டும் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. 2013இல் வெளிவந்த ஒரு இஸ்ரேல் ஆய்வில் 93 பெண்களுக்கு நாளைக்கு 1400 கலோரி. ஒரு பகுதியினருக்கு அதில் 700 காலையில், மற்றவர்களுக்கு 700 இரவில். 12 கிழமையில் காலைக்காரர் 8.7 கிலோ இழந்தார்கள், இரவுக்காரர் 3.6. இதைக் காட்டித்தான் எல்லாரும் குதிக்கிறார்கள். 2022இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் சாப்பாட்டை அளந்து கொடுத்துப் பார்த்தபோது நிறையில் வித்தியாசமே வரவில்லை. ஆனால் காலையில் கூடச் சாப்பிட்டபோது பசி குறைவு. எனக்கு நடந்தது இந்தப் பசி குறைந்ததுதான் என்று நினைக்கிறேன்; அதனால் சாப்பாடும் குறைந்தது.

நான் செய்தது இதுதான். காலை 8க்கு ஐந்து இடியப்பம், சம்பல், சொதி, முட்டை. 12 மணிக்குச் சோறு, மீன், பருப்பு, கீரை, குறைக்காமல். பின்னேரம் 6 மணிக்கு ஒஃபிஸ் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்த கடலையும் ஒரு வாழைப்பழமும். அதற்குப் பிறகு சீனி போடாத பிளேன்ரீ. முதல் பத்து நாள் நரகம். 9 மணிக்கு வரிசையாகப் பெட்டிகள் திறக்கிற மணம்! பக்கத்து மேசைத் தம்பி, "என்னக்கா, நோன்பா?" என்று கேட்டான். டயட் என்றதும், "அப்ப உங்கட பெட்டியை நான் எடுக்கவா?" பதினோராம் நாள் விடிய பசியோடு எழும்பினேன். கடைசியாக எப்போது அப்படி எழும்பினேன் என்று நினைவே இல்லை.

"படி ஏறினதால்தான் குறைந்தது" என்று யாராவது வருவீர்கள், தெரியும். எங்கள் தொடர்மாடியில் கரண்ட் பில்லைச் சாட்டி இரவு 11க்கு லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். மாதாமாதம் பராமரிப்புக் காசு மட்டும் குறையாது. கேட்டால் "அந்த நேரத்தில் யார் வெளியில் திரிகிறது" என்று கமிட்டியில் ஒரு ஐயா கேட்கிறார், அதுவும் என் முகத்தைப் பார்த்து. ஐந்து மாடி. ஆனால் ஒக்டோபர் முடியும்வரை நான் 10.40க்கே வந்துவிடுவேன், லிஃப்ட் ஓடும். அதற்குள் நாலரை கிலோ போய்விட்டது. ஆகவே படியின் பங்கு மிச்ச ஒன்றரையில்தான்.

சுகருக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் இதை என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம். இரவுச் சாப்பாட்டைத் திடீரென நிறுத்தினால் சுகர் இறங்கி மயக்கம் வரலாம், டொக்டரிடம் கேளுங்கள். மற்றபடி, உங்களுக்குப் பின்னேரம் 6 மணி அளவில் பதினைந்து நிமிஷம் பிரேக் தருவார்களா? எனக்கு அதை வாங்கவே மூன்று மெயில் போட வேண்டியிருந்தது.