சிங்கப்பூரில் மரணம், ரெங்கத்தில் தகனம்: நேரம் குறிப்பதற்கு முன்

கேள்வி: ஜொகூர், ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை, சிங்கப்பூரில் தங்கியிருந்த அறையில் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். மறுநாள் மாலை நான்கு மணிக்குத் தகனம் என்று வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். உடல் வந்ததோ மூன்றாம் நாள். என் தம்பிகள் இருவரும் அங்கேதான் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறார்கள். இதைக் கேட்பதே அபசகுனம் என்கிறார் அம்மா. அப்படி ஒன்று நேர்ந்தால் யாரை முதலில் பார்ப்பது, எந்தத் தாள்கள் வேண்டும், செலவு யாருடையது?

பதில்: அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், தம்பிகளிடம் கட்டாயம் பேசுங்கள். ரெங்கம் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர் என்பதால், காலையில் உடலை ஏற்றினால் மாலைக்குள் வீடு வந்துவிடும் என்று நம்மவர்கள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மரணத்தின் காரணத்தை அங்கே ஒரு மருத்துவர் உறுதிப்படுத்தும்வரை அந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை என்பதைத்தான் அந்த வீட்டார் கவனிக்கவில்லை.

மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தவர் நோயினால் இறந்தால், மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவுடன் சிங்கப்பூரில் மரணம் தானாகவே பதிவாகிவிடும். 2022 மே 29 முதல் அங்கே காகித மரணச் சான்றிதழ் தரப்படுவதில்லை. சிங்கப்பூர் அரசின் மை லெகசி (My Legacy) இணையத்தளத்திலிருந்து மின்சான்றிதழை 30 நாட்களுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அறையிலோ வேலையிடத்திலோ சாலையிலோ திடீரென்று நேர்ந்த மரணம் வேறு வழியில் போகும். காரணம் தெரியாத மரணமும் விபத்து மரணமும் காவல்துறை வழியாக மரண விசாரணை அதிகாரியிடம் போகும். உடல் அவுட்ரம் சாலையில் உள்ள சவக்கிடங்குக்குக் கொண்டுசெல்லப்படும். உறவினர் ஒருவர் நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டியிருக்கும். சவப்பரிசோதனை தேவையா என்பதை அந்த அதிகாரியே முடிவு செய்வார். உங்கள் அண்டை வீட்டாருக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். ஆகவே, உடல் எப்போது விடுவிக்கப்படும் என்பது தெரிந்த பிறகே நேரத்தை அறிவியுங்கள். அதுவரை "உடல் வந்ததும் தெரிவிக்கிறோம்" என்ற ஒரு வரி போதும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடையாளம் காட்டப் போகிறவரிடம் செல்லுபடியாகும் கடப்பிதழ் இருக்க வேண்டும். தோட்டத்துப் பெற்றோர் பலரிடம் அது இருப்பதே இல்லை. உங்கள் வீட்டில் யாருடைய கடப்பிதழ் இன்னும் காலாவதியாகவில்லை என்பதை இன்றே பார்த்து வையுங்கள். தம்பிகளின் அடையாள அட்டை, கடப்பிதழ், ஒர்க் பெர்மிட் ஆகியவற்றின் நகல்களும் முதலாளியின் தொலைபேசி எண்ணும் வீட்டில் இருக்கட்டும். மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எல்லைச் சாவடியில் விளக்கம் கேட்பார்கள், விளக்கம் சொல்ல வேண்டியவரோ அழுதுகொண்டிருப்பார்.

செலவைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் ஊழியர் சிங்கப்பூரில் இறந்தால், அங்கேயே அடக்கமோ தகனமோ செய்வதற்கும், இல்லையேல் உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்புவதற்கும் ஆகும் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது அந்த அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்று. எனவே, ஈமச்சடங்கு நிறுவனத்திடம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே முதலாளியை அழைத்துப் பேசுங்கள். முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்பது எப்போதும் கடினம். ரெங்கத்தில் போடும் பந்தலும் மேளமும் உங்கள் பொறுப்புதான். வேலையிடத்து விபத்தாக இருந்தால் இழப்பீடு தனி விவகாரம். அதை ஓராண்டுக்குள் கோர வேண்டும், துக்கத்தின் அவசரத்தில் அது தொடர்பான எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

உடலைப் பதனிடுவது, பெட்டியை மூடி முத்திரையிடுவது, சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் வெளியேற்ற அனுமதி பெறுவது ஆகியவற்றை ஈமச்சடங்கு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். மலேசியாவுக்குள் கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த விதிமுறைகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. நுழைவாயிலில் உள்ள சுகாதார அதிகாரி தாள்களைச் சரிபார்ப்பார். இரண்டு பக்கத்து அனுமதிகளையும் ஒரே நிறுவனம் எடுக்கிறதா, அல்லது ஜொகூர் பாருவில் வேறு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறதா, ஊர்தி இடையில் மாறுமா, விலை சிங்கப்பூர் வெள்ளியிலா ரிங்கிட்டிலா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

குடும்பங்கள் அதிகம் மனமுடைந்துபோகும் இடம் பெட்டிதான். முத்திரையிட்ட பெட்டியை வீட்டில் திறந்து குளிப்பாட்டலாம், கோடி போர்த்தலாம், வாய்க்கரிசி இடலாம் என்று எண்ணிக் காத்திருக்கிறார்கள். அது நடக்காது என்று வாசலில்தான் தெரியவருகிறது. குளிப்பாட்டுவதையும் புதுத்துணி உடுத்துவதையும் சிங்கப்பூரிலேயே, பெட்டி மூடப்படும் முன், செய்துகொள்ள நேரம் கேளுங்கள். அடையாளம் காட்டப் போகிறவரிடமே வேட்டி, திருநீறு, அம்மா கையால் முடிந்து கொடுத்த அரிசி எல்லாவற்றையும் கொடுத்தனுப்பலாம். முகம் பார்க்கக் கண்ணாடி வைத்த பெட்டி வேண்டுமென்றால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் மற்றவர்கள் பெட்டியின் மேல் கோடி போடலாம், அரிசியையும் பெட்டிமேல் தூவலாம். பூசாரியிடமும் இதை முன்கூட்டியே பேசி வைத்தால் கூட்டத்தின் நடுவே வாக்குவாதம் எழாது.

சிங்கப்பூரிலேயே, மண்டாய் தகனச்சாலையில், தகனத்தை முடித்து அஸ்தியை மட்டும் எடுத்து வருவதும் ஒரு வழி. தாள் வேலை குறையும். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

காரியங்கள் முடிந்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கும். மலேசியக் குடிமகனின் மரணத்தை இங்கேயும் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் உள்ள மலேசியத் தூதரகத்திலோ தேசியப் பதிவிலாகாவிலோ சான்றிதழ், அடையாள அட்டை, கடப்பிதழ் ஆகியவற்றுடன் போய்க் கேளுங்கள். வங்கிக் கணக்கு, சேமநிதி, நிலம் எதைத் தொட்டாலும் இந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள். அடையாள அட்டையையும் கடப்பிதழையும் அங்கே ஒப்படைக்கும்முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.